கௌசிக்கின் வயிறும் அனந்தலக்ஷ்மியின் காவலும்

கரமனை அக்ரஹாரத்தில் அனந்தலக்ஷ்மியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு மிட்டாய்கூட அவள் வீட்டுக்குள் நுழைய முடியாது. பக்கத்து வீட்டுக்காரி நான், பிறந்தநாள் கேக்கோடு போய் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவள். கோபம்தான். ஆனால் அவள் பிள்ளை கௌசிக்கைப் பார்த்தால் கோபம் நிற்காது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிச் சுருண்டு படுத்துவிடுவான். பாதி நாள் பள்ளிக்கூடமே கிடையாது.

சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து, மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்ததில் விஷயம் தெரிந்தது. பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியா சிறுகுடலிலும் பெருகிக் குடித்தனம் நடத்துகிறதாம். மலையாளி டாக்டர் ஷெர்லி ஆன்டிபயாடிக் எழுதினார். கொஞ்ச நாளைக்குப் பாலும் பஞ்சசாரயும் வேண்டாம் என்றார்; சர்க்கரையை அவர் அப்படித்தான் சொல்வார்.

அவ்வளவுதான், அனந்தலக்ஷ்மி பாங்கில் லீவு போட்டுவிட்டுக் காவலுக்கு இறங்கினாள். டீச்சரை மிரட்டினாள். வேலை முடிந்து வரும் கணவரின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள்.

மருந்து சாப்பிடும்போது வயிறு வற்றும். முடிந்ததும் பழையபடி உப்பும். மருந்தை மாற்றியும் அதே கதை. எடை ஏறவே இல்லை. இனி மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் என் சமையலறையில் நின்று அழுதாள்.

அதற்கு நாள் குறிக்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். அனந்தலக்ஷ்மி டாக்டரின் மேஜைமேல் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரத்தை வைத்தாள்.

"என்னது இது?"

"பால் பாயசம் டாக்டர். இவன் வயிறு சரியாகணும்னு கோயில்ல தினம் நைவேத்யம் வேண்டிண்டிருக்கேன். இன்னிக்கு உங்களுக்கும் கொஞ்சம்."

டாக்டர் மூடியைத் திறந்து பார்த்தார். "கௌசிக் மோன் இது குடிக்குமோ?"

"தினம் நானே என் கையால கொடுக்கறேனே."

"பாலும் பஞ்சசாரயும் வேண்டாம்னு சொன்னேனல்லோ!"

"ஐயோ, அதெல்லாம் ஒரு சொட்டு கொடுக்கலை டாக்டர். இது பிரசாதமாக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்களே கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிறார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கு இதுவும் பாலும் பஞ்சசாரயும்தான். வயிறு வீங்க இது போதும். முதல்ல இதை நிறுத்திப் பார்ப்போம். குழாய் எல்லாம் அப்புறம்."

அனந்தலக்ஷ்மியின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேலி செய்ய எனக்கு எவ்வளவோ இருந்தது; தூக்குப் பாத்திரத்தை மூடி என் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல் கோயிலுக்குப் போனோம். பூஜை முடிந்து பாயசம் வந்தது. கௌசிக் கையை நீட்டினான். அனந்தலக்ஷ்மி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொன்னா ஸ்வாமிக்குக் கோபம் வராதாம்மா?"

அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வரட்டும்டா. எங்கிட்ட வரட்டும்."