மூன்றாம் கேமராவில் தெரிந்தவர்

நம்பினால் நம்புங்கள். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? எனக்கு நடந்தது பட்டப்பகலில். மணி 2:17.

நான் கேமரா மாட்டுகிறவன். அன்று ஒரு ரசாயன ஆலையின் பம்ப் அறையில் வேலை. காற்றிலேயே தீப்பிடிக்கும் ரசாயன ஆவி நிற்கும் இடம். ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்தது. அதனால் கேமராவின் பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தில் மேலுறையை உரித்து, ஒவ்வொரு கம்பியையும் பிரித்து, நடுவில் மாவு போன்ற பசையைத் திணிக்க வேண்டும். இல்லையென்றால் ஆவி கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பது என் தங்கை புருஷன்.

தெரிந்தும் சோம்பல்பட்டேன். மூன்றாம் கேமராவில் உறையை உரிக்கவில்லை. மேலாகப் பசையை அப்பி நட்டை முறுக்கிவிட்டேன். வெளியே பார்த்தால் அம்சமாக இருந்தது. நாலு மணிக்குப் பம்பை ஓட்டப் போகிறார்கள். அறையைப் பூட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மச்சான், உள்ள உங்ககூட யாரு?"

"யாருமில்ல மாப்ள. பூட்டிட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு."

"மூணாவது கேமராவுல ஒருத்தர்... ரொம்பக் கிட்ட. நெத்தி மட்டும் தெரியுது. நட்டைக் கழட்டுற மாதிரி இருக்கு."

ஓடினேன்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே... கிர்... கிர்...

திறந்தேன். சத்தம் நின்றது.

ஒருவரும் இல்லை. நட்டு தரையில் கிடந்தது. பக்கத்தில் நான் அப்பிய பசை, உருண்டையாக. தொட்டேன். சூடாக இருந்தது.

"மச்சான்..." வாக்கி டாக்கியில் மாப்பிள்ளை. "பக்கத்துலயே நிக்கிறாரு. உங்க கையையே பாக்குறாரு."

திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாக, தைரியமில்லை.

உறையை உரித்தேன். கம்பிகளைப் பிரித்தேன். புதுப் பசையைப் பிசைந்து திணித்தேன்.

பிடரியில் மூச்சு...

நட்டை இறுக்கினேன்.

2:41.

"போயிட்டாரு மச்சான்."

கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் திரை இருட்டாக இருந்தது.

"இப்பதான் அணைஞ்சுது" என்றான்.

கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். ஃபியூஸ் தட்டுப்பட்டது. பெட்டியைத் திறக்குமுன் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வேறெவனும் தெரியாமல் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?

காலை ஒன்பது மணிக்கே பிடுங்கியது. அதிலிருந்து மூன்றாம் கேமராவுக்குக் கரண்டே கிடையாது.