குடலிறக்கத்துக்கு ஒரு ரேட் போர்டு

ஊர்ல யாருக்குக் காது குத்து, யாருக்குக் கண்ணீர் அஞ்சலி, எந்தக் கடையில ஆடித் தள்ளுபடின்னு எல்லாருக்கும் முன்னாடி தெரியறது ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்குத்தான். அவன் வயித்தைக் கிழிச்சுத் தைக்க எவ்வளவு ஆகும்னு மட்டும் அவனுக்கும் தெரியாது.

கும்மிடிப்பூண்டி பஜார்ல எனக்கு ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் கடை. போர்டு தூக்கித் தூக்கி அடிவயித்துல குடல் இறங்கிடுச்சு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணலைன்னா குடல் சிக்கிக்கும், உயிருக்கே வம்புன்னு டாக்டர் சொல்லிட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரியில தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. கையில இருந்தது, என் வீட்டுக்காரி ஸ்டெல்லா தேர்வாய் கண்டிகையில கம்பெனி கேட் எதிர்ல நாஷ்டா கடை போட்டுக் கட்டின சீட்டுப் பணம் மட்டும்தான். ஆபரேஷன் அதுக்குள்ள அடங்குமா? இவ்வளவுதான் என் கேள்வி. இதே கேள்வியோட கவுன்ட்டர் கவுன்ட்டரா அலைஞ்ச சொந்தங்களே, உங்களுக்குத்தான் இதை எழுதறேன்.

கார்டு இருக்கா?

மொதல்ல போன ஆஸ்பத்திரியில ரிசப்ஷன் பொண்ணுகிட்ட, "ஹெர்னியா ஆபரேஷனுக்கு இன்னாம்மா ஆகும்?"னு கேட்டேன். அந்தப் பொண்ணு திருப்பி, "கார்டுல எவ்ளோ இருக்குது சார்?"னு கேட்டுது. இன்ஷூரன்ஸ் கார்டெல்லாம் இல்லம்மா, ரேட்டு மட்டும் சொல்லுன்னேன். கார்டு தெரியாம ரேட்டு சொல்ல முடியாதாம். ரேட்டு தெரியாம நான் எப்படிம்மா படுக்கறதுன்னேன்.

அது என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. நிஜமாவே பரிதாபப்பட்டுக் கேட்டுது: "கார்டே இல்லாம குடலை இறக்கினு வந்துட்டீங்களா சார்?"

எதிரும் புதிரும்

நம்ம ரோட்டுல ரெண்டு ஆஸ்பத்திரி எதிரும் புதிருமா இருக்கு. ரெண்டுக்கும் ஃப்ளெக்ஸ் நான்தான். இந்தப் பக்கம் 'இசிஜி இலவசம்'னு மாட்டினா, அந்தப் பக்கம் 'இசிஜியும் இளநீரும் இலவசம்'னு மாட்டுவாங்க. உடனே இந்தப் பக்க மேனேஜர் பாலாஜி ஓடி வருவான். 'இசிஜி, இளநீர், ஆட்டோ இலவசம்'. ராத்திரிக்குள்ள அந்தப் பக்கம் கூட வர்றவங்களுக்கு நாஷ்டாவும் சேர்ந்துடும். இந்தச் சண்டையில நல்லா சம்பாதிச்சது நான்தான், பொய் சொல்ல மாட்டேன்.

சரி, இவ்வளவு போட்டி இருக்கே, நமக்கு வழி பொறக்கும்னு ஒரு ஆசை. "தம்பி, இளநீரெல்லாம் வேணாம்பா. ஆபரேஷன் ரேட்டைக் கொறைச்சு ஒரு ஃப்ளெக்ஸ் போடேன், ஜனங்க குவிஞ்சிடுவாங்க"ன்னேன். பாலாஜி மூஞ்சியே மாறிடுச்சு. "இன்னாண்ணா பேசறீங்க, போட்டின்னா அதுக்கும் ஒரு அளவு வேணாவா?"

இருக்கணும், தெரியக்கூடாது

அப்புறம்தான் சர்க்கார் உத்தரவு ஒண்ணு வந்துச்சு. எல்லா ஆஸ்பத்திரியும் கட்டணத்தை போர்டுல எழுதி எல்லாரும் பார்க்கற இடத்துல மாட்டணுமாம். எனக்கு ஒரே குஷி. வியாபாரத்துக்கு வியாபாரம், நம்ம ரேட்டும் தெரிஞ்சுடும். ராவோட ராவா ஒரு மாதிரி போர்டு அடிச்சுக் கடையில மாட்டினேன். மேல ஆஸ்பத்திரி பேருக்கு இடம் காலியா விட்டாச்சு. கீழ ஏதாவது தொகை போடணுமே! பிரசவம், அப்பெண்டிக்ஸ்னு மனசுக்குத் தோணினதை எழுதினேன். ஹெர்னியாவுக்கு வந்ததும் கை தானா ஸ்டெல்லாவோட சீட்டுப் பணத்தை எழுதிடுச்சு. ஆசைதான், வேற என்ன?

பாலாஜி வந்தான். ரேட்டை அவன் படிக்கவே இல்லை. எழுத்து இவ்வளவு பெருசாவா வேணும்னு கேட்டான். சின்னதாக்கலாம்னேன். வெள்ளை மேல வெள்ளை எழுத்து வருமான்னு கேட்டான். யாருப்பா அதைப் படிப்பாங்கன்னேன். "போர்டு மாட்டணும்னுதாண்ணா உத்தரவு, படிக்கணும்னு யாருக்கும் உத்தரவு இல்லையே!"

ஒரே போர்டு

ஆர்டர் குடுக்காமலே இழுத்தடிச்சாங்க. திடீர்னு ஒரு நாள் காலையில பாலாஜி போன்ல கத்தறான்: "அண்ணா, செக்கிங் வந்துகினு இருக்காங்க! கடையில மாட்டியிருக்கியே, அந்த போர்டையே எடுத்துகினு வா!" பேரை ஸ்டிக்கர்ல வெட்டி ஒட்டி, ஒரு கையால வயித்தைப் புடிச்சுகினு, ஆட்டோவுல கொண்டு போய் மாட்டினேன். அதிகாரி மேடம் வந்து போட்டோ எடுத்துகினு போனாங்க. அவங்க கேட்டைத் தாண்டறதுக்குள்ள எதிர் ஆஸ்பத்திரியில இருந்து போன். அந்த ஸ்டிக்கரை உரிச்சு, இந்த ஸ்டிக்கரை ஒட்டி, பின்வாசல் வழியா ஓடினேன். அப்புறம் அடுத்த தெரு. மேடம் ஜீப்புக்கு முன்னாடியே என் ஆட்டோ போய்க்கினு இருந்துச்சு.

கடைசி ஆஸ்பத்திரியில ஆணி இல்லை. நானே போர்டைச் சுவத்தோட அழுத்திப் புடிச்சுகினு நின்னேன். வலி உயிர் போகுது. மேடம் போட்டோ எடுத்துட்டு, என்னையும் ஒரு தடவை பார்த்துட்டு, மனசு நிறைஞ்சு சொன்னாங்க: "ஊரு முழுக்க ஒரே ரேட்டு! இப்படி ஒரு ஒத்துமையை நான் எங்கேயுமே பார்த்ததில்லை."

யாரு போட்ட கணக்கு?

அடுத்த வாரம் பாலாஜி மேடம் ஆபீஸ்ல இருந்து வந்த ஒரு கடுதாசியோட கடைக்கு ஓடி வந்தான். போட்டோவுல இருக்கற ரேட்டுக்கு மேல ஒரு ரூபா வாங்கினாலும் நடவடிக்கையாம். அப்பதான் அவன், திரும்ப என் கடைக்கே வந்துட்ட போர்டை மொத தடவையா எழுத்துக்கூட்டிப் படிச்சான். "ஹெர்னியாவுக்கு எந்தப் படுபாவிண்ணா இந்த ரேட்டு போட்டான்?"னான். நான்தாம்பான்னேன். எந்தக் கணக்குலன்னான். ஸ்டெல்லா இட்லி வித்த கணக்குலன்னேன். அவன் தலையில கையை வெச்சுகினு ஸ்டூல்ல உக்காந்துட்டான். எனக்கோ சிரிக்கணும்போல இருக்கு, சிரிச்சா வயிறு வலிக்குது.

அந்த மாசமே பாலாஜி ஆஸ்பத்திரியிலேயே படுத்தேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பில்லு போர்டுல இருந்த மாதிரியே வந்துச்சு. ஸ்டெல்லா பணத்தைக் கட்டிட்டு வந்து என் கையைப் புடிச்சுகினு அழுதுட்டா. நானும்தான் அழுதேன். டிஸ்சார்ஜ் சீட்டு குடுக்கும்போது பாலாஜி என் காதுகிட்ட வந்து சொன்னான்: "அண்ணா, அடுத்த தபா போர்டு அடிக்கறதா இருந்தா, அண்ணியைக் கொஞ்சம் பெரிய சீட்டா போடச் சொல்லு."

அடுத்த ஆர்டர்

தையல் பிரிச்சுக் கடைக்கு வந்த அன்னிக்கே வாசல்ல ஒருத்தர் நொண்டிக்கினு நிக்கறார். காட்டுப்பள்ளியில லோடு ஏத்தற வேலையாம். மூட்டு ரெண்டும் போச்சாம். விசிட்டிங் கார்டா, ஃப்ளெக்ஸான்னு கேட்டேன். அவர் அக்கம் பக்கம் பார்த்துட்டு, இடுப்புல இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து டேபிள் மேல வெச்சார். "நைனா, என்னாண்ட இவ்ளோதான் இருக்குது, இதுக்குத் தக்கன முட்டி ஆபரேஷனுக்கு ஒரு போர்டு அடிச்சுக் குடு!"

உத்தரவும் போட்டியும் சேர்ந்தும் இறக்க முடியாத விலையை எங்க ஊர்ல கடைசியில இறக்கினது, ஏற்கெனவே இறங்கிப் போயிருந்த ஒரு குடல்தான்.