பின்சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம்

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், யாரையாவது நம்பினார் என்று சொல்ல எனக்கு ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை. கடையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். இவர் கடைக்காரரையே ஆட்டச் சொல்லி, அந்நேரம் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். அப்படிப்பட்டவர் எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதக் காலையில், இராஜபாளையத்தில் இருந்த என் பட்டறைக்கு வந்து கேட்டார்.

"மாப்ளே, என் காருக்கு நாலு சக்கரமும் இழுக்கணும். முடியுமா முடியாதா?"

மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பை அவர் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார். தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. முந்தின கோடையில் மலையில் மழை கொட்டி, ஓடை சேறும் மணலுமாகி, பறித்த காய் இந்தப் பக்கம் வர வழியில்லாமல் அங்கேயே பழுத்து அழுகியது. தோப்புக்குச் சொந்தக்காரர் தெலுங்கு பேசுகிற வீட்டு அம்மா ஒருவர். "ஓடையைத் தாண்டிக் காயைக் கொண்டாறவனுக்குத்தான் இந்த வருசம் குத்தகை" என்று சொல்லிவிட்டார். அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. தோப்பு போனால் அக்கா வீட்டில் அடுப்புக்கு வேலையில்லை. ஜீப் வாங்குகிற வசதியும் கிடையாது. இருந்ததெல்லாம் எங்கோ மோதிக் கைமாறி வந்த ஒரு சின்னக் கார். அதற்கு இஞ்சினும் கியரும் முன்னாலேயே. முன்சக்கரம் இரண்டும்தான் வண்டியை இழுக்கும்.

"பின்னால உள்ள ரெண்டும், பந்திக்கு மட்டும் வாற சொந்தக்காரன் மாதிரி சும்மா கூட வருது. அதையும் வேலை வாங்கு" என்றார் அத்தான்.

நான் மில்லில் எடுபிடியாக இருந்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவன். முடியும் என்றுதான் பட்டது. உடைத்த ஜீப்பின் பின் அச்சு ஒன்று கிடைத்தால், அதைக் காரின் அகலத்துக்கு வெட்டிப் பற்றவைக்கலாம். முன்னால் கியர்பெட்டியின் பக்கத்தில் ஒரு சோடிப் பல்சக்கரம் பொருத்தி, அங்கிருந்து பின்னால் ஒரு நீள ராடு. மணல் வந்தால் பின்சக்கரத்தையும் சேர்த்துவிட ஒரு லீவரை இழுக்க வேண்டும். நல்ல ரோடு வந்தால் தள்ளிவிட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய இரும்புக்கடைக்குப் போனோம். அங்கே ஒரு ஜீப் அச்சு, கிரீஸ் எல்லாம் துடைத்து, பளபளவென்று கிடந்தது. அத்தான் என் காதருகே குனிந்தார். "இம்புட்டு சுத்தமா வச்சிருக்கான்னா உள்ள பல்லு கொட்டியிருக்கும்." மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பல் நன்றாகவே இருந்தது. "அப்பம் திருட்டு ஜீப்பு" என்றார்.

கடைக்காரர் எங்களைவிடச் சந்தேகக்காரர். "சின்ன காருக்கு எதுக்குப்பா ஜீப்பு அச்சு? மலையில சந்தனக்கட்டையா?" என்று கேட்டார். அத்தான் அச்சை நாலாவது தடவை தட்டிப் பார்த்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, பொண்ணு பாக்க வந்தா பொண்ணைப் பாரு. வீட்டுச் சுவத்தையெல்லாம் தட்டிப் பாக்காத!" அந்தப் பேச்சுக்காகவே நான் அச்சை வாங்கிவிட்டேன்.

பட்டறையில் வேலை நடந்த நாளெல்லாம் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். மூடியதுதான் வினை. டீக்கடைப் பேச்சில் எங்கள் கார் மலையேறிக் கட்டை கடத்தியது, பாய்க்குள் ஒளிந்தது, ராத்திரியில் நிறம் மாறியது. அதே தோப்பைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு குத்தகைக்காரர் தினமும் தன் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்க என்னிடமே வந்தார். வாடகை டிராக்டர் வைத்துக் காய் இறக்குவதாக அவர் தோப்புக்கார அம்மாவிடம் சொல்லியிருந்தார். "எந்த ஸ்கூட்டருக்கு மாப்ளே தெனமும் காத்து எறங்கும்?" என்று அத்தான் கேட்டார்.

அச்சை வெட்டி ஒட்டி, தனியாக மோட்டாரில் சுற்றவிட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் சுற்றியது. ராடை மாட்டி முடித்ததும், இஞ்சினை ஓட்டி நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்றேன். அத்தான் சாவியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"பூசை போடாம நாலும் ஒண்ணா சுத்தக்கூடாது. இதுவும் புது வண்டி மாதிரிதான். நல்ல நேரத்துல, அந்தம்மா முன்னாலதான் மொதச் சுத்து."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வண்டியும் அவருடையது, தோப்புக் கவலையும் அவருடையது.

குறித்த நாளில் ஓடைக்கரையில் காரை நிறுத்தினோம். அதுவரை லீவரைத் தொடாமல் முன்சக்கரத்திலேயே ஓட்டி வந்திருந்தேன். தோப்புக்கார அம்மா குடை பிடித்து நின்றார். ஸ்கூட்டர்காரரும் கூப்பிடாமலே வந்து நின்றார். சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தார் அத்தான். நான் லீவரை இழுத்து, கியர் போட்டு, கிளட்சை விட்டேன். கார் முன்னால் போகவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி முக்கி, புழுதி கிளப்பி, குலுங்கி நின்றுபோனது.

அத்தான் யோசிக்கவே இல்லை. நேரே போய் ஸ்கூட்டர்காரர் சட்டையைப் பிடித்தார். "காத்துப் பிடிக்க வாறேன்னு வந்து என்னலே செஞ்சு வச்ச? மையா? தகடா?"

"விடுவே! நான் எலுமிச்சம்பழத்துக்கு மை வைக்கவா வந்தேன்? உம்ம மாப்பிள்ளை இரும்பை ஒட்டத் தெரியாம ஒட்டினதுக்கு என்னைய ஏன் புடிக்கீரு?"

அந்த அம்மா இரண்டு பேரையும் பொருட்படுத்தவில்லை. குடையை மடக்கி, அதன் நுனியால் காருக்கு அடியில் சுட்டிக்காட்டினார். "ஏமய்யா, முன்னால ரெண்டு பழமும் கூழாயிருக்கு. பின்னால ரெண்டும் முழுசா கெடக்கே. பின்சக்கரம் சுத்தவே இல்லை. சும்மா கம்பியை மாட்டி என்னைய ஏமாத்தப் பாக்கீங்களா?"

அவமானத்தோடு குனிந்து பார்த்தேன். பின்பக்கத்துப் பழங்கள் வைத்த இடத்தில் இல்லை. வண்டி வயிற்றுக்கு அடியில், ஒரு முழம் முன்னால் தள்ளிக் கிடந்தன. சுற்றாத சக்கரம் பழத்தைத் தள்ளாது. முன்பக்கமாகச் சுற்றுகிற சக்கரம் பழத்தை உள்ளே இழுத்து நசுக்கும். முன்னால் உதைத்துத் தள்ளியிருக்கிறது என்றால், சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறது! முன்சக்கரம் ஓடைக்குப் போகப் பார்க்க, பின்சக்கரம் வீட்டுக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது.

"அம்மா, ஏமாத்தலை. திசை மாறிப்போச்சு. ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

"ரெண்டு நாள்ல எந்த வண்டியைக் கொண்டாந்து மாத்துவே?" என்று கேட்டுவிட்டு, கார் நம்பரை வாய்விட்டு இரண்டு தரம் படித்து மனப்பாடம் செய்துகொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கியர்பெட்டிப் பக்கத்தில் நான் பொருத்திய சோடிப் பல்சக்கரம்தான் திசையைத் திருப்பிவிட்டிருந்தது. பரிகாரம் சுலபம்தான். பின் அச்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சுற்றும் திசை மாறிவிடும். எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை மட்டும் இடம் மாறிப் போகும்; அதை அடைத்து மேலே புது ஓட்டை போட்டேன். இந்தத் தடவை அத்தானிடம் சாவியைக் கொடுக்கவில்லை. நாலு சக்கரத்தையும் தூக்கிவைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் தார்ப்பாயை எடுத்தேன்.

ஓடைக்கரைக்கு மறுபடி போனபோது அந்த அம்மா நம்பரைச் சரிபார்த்துவிட்டு முன்சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். ஸ்கூட்டர்காரரைப் பார்த்து, "நீயும் ஏறு. பொறவு கண்கட்டு வித்தைன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரிவே" என்றார். பின்சீட்டில் அத்தானும் அவரும் முட்டி இடிக்க, முகத்தை ஆளுக்கொரு ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். லீவரை இழுத்தேன். மணலில் சக்கரம் அரையடி புதைந்தது. புதைந்தபடியே, பின்னால் இருந்து யாரோ கைகொடுத்துத் தள்ளுவது போல வண்டி நகர்ந்தது. அக்கரை மேட்டில் ஏறித் தோப்பு வாசலில் நின்றது.

அம்மா இறங்கி, பின்சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார். "சரி. இந்த வருசம் நீயே பாரு. இந்த வருசம் மட்டும்தான்" என்றார்.

அத்தான் அக்காவுக்குச் சொல்ல ஓடுவார் என்று நினைத்தேன். அவரோ என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ளே, கேட்டதும் அவிய குடுத்துட்டாவளே. எனக்கென்னமோ சரியாப் படலை. இந்த வருசம் பூ பிடிக்கலையோ?"

சொல்லிவிட்டு, ஒவ்வொரு மரமாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். அந்த அம்மா மறுபடி காருக்குள் உட்கார்ந்து, திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.