அர்மானின் தாடியும் மூன்று முறை தள்ளிப்போன கல்யாணமும்

அர்மான் பெலான்ஜே பதிமூன்று வருஷம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினான். ஆடினான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவன் வேலை அடிப்பதும் அடி வாங்குவதும். கோல் போடத் தெரிந்த பையன் எவனையாவது எதிரணிக்காரன் இடித்துத் தள்ளினால், பயிற்சியாளர் அர்மானை ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த நிமிஷம் கையுறை இரண்டும் பனித்தரையில் கிடக்கும், அர்மான் எவன் சட்டையையாவது பிடித்திருப்பான். ஏழு அணிகள் அவனை வாங்கி விற்றன. மூக்கு இடமா வலமா என்று முடிவெடுக்க முடியாமல் திணறியது. முன்பற்கள் நான்கு போயின. கப் என்ற ஒன்றை அவன் தொட்டதே இல்லை.

பல் போனதில் ஒரு லாபம் உண்டு. சாந்த்-ஒதில் ஊரில் பல்செட் செய்கிறவள் ஜினெத்.

"இந்தப் பல்லுக்கு நான் கியாரண்டி தர மாட்டேன்" என்றாள் முதல் நாளே.

"ஏன், மட்டமான பல்லா?"

"பல் நல்ல பல்லுதான். வாய் உன்னோடதா இருக்கே!"

அப்படி ஆரம்பித்த காதல். ஆனால் கல்யாணம் கூடிவரவில்லை. முதல் தடவை, நாள் குறித்த வாரத்தில் அணி அவனை வேறு ஊருக்கு விற்றுவிட்டது. இரண்டாம் தடவை, தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். சம்மதம் என்று சொல்ல வாய் திறக்காதவனுக்கு எப்படிக் கட்டிவைப்பது என்று பாதிரியார் கைவிரித்தார். மூன்றாம் தடவை, அணியின் பஸ் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. மணப்பெண் வெள்ளை கவுனோடு கோயில் வாசலில் சாயங்காலம்வரை நின்றாள்.

அன்றைக்கே ஜினெத்தின் அம்மா மதாம் கூலோம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் தவறுச்சுன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே. என் பொண்ணு பஸ்ஸுக்குக் காத்து நிக்கப் பொறந்தவ இல்ல."

மதாமுக்கு ஹாக்கி என்றாலே ஆகாது. அந்த ஊரில் பிறந்தும் ஓர் ஆட்டம்கூடப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

அர்மான் யோசித்து, ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை என்றான். இந்தப் பருவத்தோடு ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று ஜினெத்துக்கு வாக்கும் கொடுத்தான். அவன் இப்போது ஆடும் சாந்த்-ஒதில் மரவெட்டிகள் அணி வருஷா வருஷம் நாக்-அவுட்டின் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வும். மார்ச் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை.

"எங்க அணிய நம்புங்க மதாம். கண்டிப்பா தோத்துருவோம்."

தெய்வம் என்ன நினைத்ததோ, முதல் சுற்றில் ஜெயித்துவிட்டார்கள். இரண்டாம் சுற்றிலும் ஜெயித்தார்கள். ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. அரையிறுதியும் கைக்கு வந்தது. ஏழு ஆட்டம் கொண்ட இறுதிச் சுற்று மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, ஏழாவது ஆட்டம் உள்ளூரில், கல்யாணத்தன்று சாயங்காலம் என்று வந்து நின்றது. கல்யாணம் மத்தியானம்தான். நேரம் இடிக்கவில்லை. தாடிதான் இடித்தது.

நாக்-அவுட் தொடங்கிவிட்டால் தோற்கும்வரை, அல்லது கப் வாங்கும்வரை, எவனும் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால் அணி விளங்காது. அர்மானின் தாடியோ இடது கன்னத்தில் கறுப்பு, மோவாயில் நரை, தழும்பு விழுந்த வலது கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

"ஆடு மேஞ்ச தோட்டம் மாதிரி இருக்கு" என்றார் மதாம். "இந்த மூஞ்சியோட போட்டோவுல நின்னா மாப்பிள்ளைன்னு எவன் சொல்வான்? போலீஸ் தேடுற ஆளும்பான். மழிச்சுட்டு வா. இல்லேன்னா வராதே."

அர்மானுக்குத் தூக்கம் போயிற்று. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கப் எட்டும் தூரத்தில் நிற்கிறது. புரண்டு புரண்டு படுத்தவன், கடைசியில் முடிவெடுத்தான். கப் இல்லாமல் எத்தனையோ பேர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். ஜினெத் இல்லாமல் தன்னால் ஆகாது.

கல்யாணத்தன்று காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் ரேசர் இல்லை. கூடவே குடியிருந்த கோல்கீப்பர் எல்லாவற்றையும், காய் நறுக்கும் கத்தி உட்பட, காரில் போட்டுப் பூட்டியிருந்தான். அர்மான் முடிதிருத்தும் வலேரிடம் போனான். வலேர் கண்ணாடி வழியாகப் பார்த்தவர், உள்ளே ஒருவர் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும்போதே கதவைச் சாத்தி 'கடை இல்லை' என்று பலகையைத் திருப்பிவிட்டார். மருந்துக்கடைக்கு ஓடினான்.

"ரேசர் தீந்துபோச்சுப்பா."

"உங்க தலைக்குப் பின்னாலயே தொங்குதே!"

"அது அழகுக்கு மாட்டினது."

கடைசியில் ஜினெத்தின் பட்டறைக்குப் போனான். முடியைச் சுருட்டும் சுருளைகளைக் கூந்தலில் மாட்டியபடி அவள் அணித் தலைவனின் பல்செட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மழிச்சு விடு."

"அம்மாவுக்காகவா?"

"இல்ல. கப் எனக்கு வேணும்தான், பொய் சொல்லல. ஆனா உன்ன நாலாவது தடவ வாசல்ல நிக்க வைக்க மாட்டேன்."

ஜினெத் பல்செட்டைக் கீழே வைத்துவிட்டு, மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். "அசையாம உக்காரு. எனக்குக் கண்ணு கலங்குது, கழுத்த அறுத்துறப் போறேன்."

வழவழவென்ற மோவாயோடு அவன் கோயிலுக்குள் வந்தபோது, சவம் வந்ததுபோல் ஊர் விக்கித்துப்போனது. பாதிரியாரே மந்திரத்தை மறந்து அந்த மோவாயைப் பார்த்தார். கல்யாணம் முடிந்தது. போட்டோ நன்றாக வந்தது.

சாயங்காலம் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது; அதில் முதலில் கோல் போடுகிறவர்களுக்கே கப். எதிரணிக்காரன் மட்டையால் அடித்த ரப்பர் வட்டு கோலை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. அர்மான் தடுக்கப் பாய்ந்தான். வட்டு நேராக அவன் மோவாயில் பட்டு, திரும்பி, சொந்தக் கோலுக்குள் போய் உட்கார்ந்தது.

"தாடி இருந்திருந்தா அதுலயே சிக்கியிருக்கும்!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். ஊரே கத்தியது.

உடைமாற்றும் அறையில் மற்ற எல்லோரும் தொட்டி முன்னால் வரிசையாக நின்று தாடியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழிக்க ஒன்றுமில்லாத அர்மான், ரத்தம் ஊறிய துண்டை மோவாயில் அழுத்தியபடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒருவனும் அவனோடு பேசவில்லை.

அப்போது கதவு படார் என்று திறந்தது. ஊதாத் தொப்பியோடு மதாம் கூலோம். அரையும் குறையுமாக நின்ற ஆண்கள் துண்டைத் தேடினார்கள். மகள் ஆட்டத்துக்குப் போகிறாளே என்று கூடவே வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தவர் அவர். அந்த ஊரில் கோபம் வந்தால் பலிபீடத்துச் சாமான்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். மதாம் கிண்ணத்தில் ஆரம்பித்தார்; அப்பம், பேழை, பீடம் என்று ஒன்றையும் விடவில்லை. பின்னால் வந்த பாதிரியார் காதைப் பொத்திக்கொண்டார்.

"தாடிய எடுக்கச் சொன்னவ நான்! கேக்குறவன் என்னக் கேளுங்கடா! மனுசன் மூஞ்சியக் கொண்டுபோய் முன்னால வைக்கிறான், நீங்கல்லாம் எங்கடா நின்னீங்க?"

கோல்கீப்பர் நுரை வழியும் கன்னத்தோடு தரையைப் பார்த்தான்.

மதாம் அர்மானின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை விலக்கிக் காயத்தைப் பார்த்தார்.

"விடுப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமா? இதோட ஆட்டத்தையே விட்டுர்றேன்னு ஜினெத்துக்கு வாக்குக் குடுத்துட்டேனே, மதாம்."

மதாம் நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"