கல்லில் இல்லாத பட்டப்பெயர்

யெல்லிங் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் சரளையை வாரிச் சமன்செய்வது எய்விண்டின் வேலை. முதுகு என்றோ போய்விட்டது. வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்கும் தேய்ந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு எழுத்துப் பொறித்த பெரிய கல்லைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டு, ப்ளூடூத் என்ற பெயர் இதில் எங்கே என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை என்பார். ஹாரால்டு ராஜாவுக்கு ஒரு பல் செத்து நீலம் பாரித்திருந்ததாம். அதனால் நீலப்பல்லன் ஆனாராம். பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக்கியவர் என்று, கருவிகளைக் கம்பியில்லாமல் இணைக்கும் நுட்பத்துக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தார்கள். கல்லில் இருப்பதோ வெறும் ஹாரால்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பேருந்து வந்து நிற்கும்.

போன இலையுதிர் காலத்தில் மனைவி ராக்னில்டு போய்ச் சேர்ந்ததிலிருந்து அவருக்கு எதிலும் பிடிப்பில்லை. சின்ன வயதிலேயே இடுப்பு பிசகி, அசைந்து அசைந்து நடந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "வாத்து" என்று பெயர் வைத்ததே எய்விண்ட்தான். ஊரும் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வாயில் வேறு பெயர் வந்ததில்லை. அவள் கல்லறைக் கல்லிலும் அதைத்தான் பொறிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மகள் சிட்செல் ஒத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டுகிறவர் எந்தப் பெயர் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

அன்று மதியம் மகள் வந்து, ராஜாவின் கல்லுக்கு எதிரே இருந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கம்பு ரொட்டியைப் பிட்டபடி பழைய பாட்டையே பாடினார். ராஜாவையே உலகம் பட்டப்பெயரால்தானே ஞாபகம் வைத்திருக்கிறது?

"இந்தக் கல்ல நட்டது யாருப்பா?"

"அவரேதான். அவரோட அப்பா அம்மா நினைவா."

"அப்போ தன் பேர அவரே சொல்லிப் போட்டிருக்காரு. புடிச்சிருந்தா நீலப்பல்லன்னு போட்டிருக்க மாட்டாரா?"

எய்விண்ட் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அம்மாவுக்கு அது புடிக்குமான்னு என்னைக்காவது கேட்டியாப்பா?"

"கூப்பிட்டா சிரிப்பாளேம்மா."

"நீ கூப்பிட்டா சிரிப்பாங்க. கடையில யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா, வீட்டுக்கு வந்து ரூம் கதவச் சாத்திக்குவாங்க. உனக்குத் தெரியாது. நான் வெளிய நின்னிருக்கேன்."

கோபப்பட நினைத்தார். அதற்குக்கூடத் தெம்பில்லை. இத்தனை வருஷமும் கொஞ்சுவதாக நினைத்துக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது மட்டும் விளங்கியது. கைபேசியை எடுத்துக் கல்வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

"என்ன பேருங்க போடணும்?"

வாய் திறந்தது. பழக்கப்பட்ட அந்த ஒரு சொல்தான் நுனிநாக்கில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டார். கைபேசியை மகளிடம் நீட்டினார்.

"நீ சொல்லும்மா. எனக்கு அவ பேரச் சொல்லிப் பழக்கமில்ல."