ஹாலந்துக் கடையும் அம்மாவின் மஞ்சள் பையும்

இன்றைக்கு எர்ணாவூரில் ஒன்று, மணலியில் ஒன்று என்று எனக்கு இரண்டு சூப்பர் மார்க்கெட். இரண்டும் என் கையால் எழுப்பியவை. எட்டாவதைத் தாண்டாதவள் நான். பி.காம். படித்த பிள்ளைகள் என் எதிரில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூடப் பெரியம்மா என்கிறார்கள், நானும் வேண்டாமென்று சொல்வதில்லை. வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க ஓர் ஆள் போட்டிருக்கிறேன். அதில் மட்டும் யார் வந்து என்ன சொன்னாலும் தளர்த்த மாட்டேன். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

ஆனால் பாருங்கள், சூப்பர் மார்க்கெட் என்கிற சங்கதியை நான் முதலில் கண்ணால் பார்க்கவில்லை. காதால் கேட்டேன். அதுவும் சென்னைக் கடையைப் பற்றி இல்லை, ஹாலந்துக் கடையைப் பற்றி. சொன்னவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தாயில்லாத அவரை அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள்.

மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரருக்குக் கையாளாகப் போனவர். கப்பல் ரிப்பேராகி ராட்டர்டாம் துறைமுகத்தில் இரண்டு மாசம் நின்றுவிட்டது. தினமும் ஊருக்குள் போய் ரொட்டி, முட்டை, காய்கறி வாங்கி வருவது அவர் வேலை. பாஷை தெரியாத ஊரில் அவர் கற்றுக்கொண்டது கடைகளைத்தான். பிற்பாடு முதுகில் அடிபட்டு, கப்பல் வேலை போய், திருவொற்றியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் கொண்டுவந்தது பெரிதாக ஒன்றுமில்லை, இந்தக் கதைகளைத் தவிர.

நீல போர்டு கடை பணக்காரனுக்கு, மஞ்சள் போர்டு கடை நம்மள மாதிரி ஆளுக்கு என்பார். சாயங்காலமானால் மிச்ச ரொட்டி மேல் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம், அதற்கென்றே காத்திருந்து போக வேண்டுமாம். உருளைக்கிழங்கை நாமே எடுத்து நாமே நிறுத்து சீட்டு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ரொட்டி மேல் சாக்லேட்டைத் தூவித் தின்பார்களாம். சாமான் வைத்துத் தள்ளும் வண்டிகளைச் சங்கிலியில் கட்டியிருப்பார்களாம், காசு போட்டால்தான் அவிழும், வண்டியைத் திருப்பி விட்டால் காசும் திரும்பி வரும்.

அப்பா மணலி கம்பெனியில் மூட்டை தூக்குகிறவர். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திக்கொண்டே கேட்பார்: "உன்ன அந்த வண்டில குந்த வச்சி திருப்பி வுட்டா எனுக்குக் காசு குடுப்பானா மச்சான்?"

மாமாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த கவளத்தைச் சின்னதாக எடுப்பார்.

அம்மாவுக்கு அந்தக் கதைகளில் மிகவும் பிடித்தது பை விஷயம். அங்கே எல்லோரும் வீட்டிலிருந்தே பை கொண்டுபோவார்களாம். அலமாரியிலிருந்து எடுத்து நேராகத் தன் பையில் போட்டுக்கொண்டு, கல்லாவில் வந்து வெளியே எடுத்து வைப்பார்களாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பை மறந்து வந்தவன்தான் கடைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அசடாட்டம் நிற்பான். "ஒருத்தனும் ஒன்ன பாக்க மாட்டான் யக்கா" என்று மாமா சொல்லும்போது அம்மா மாவு அரைப்பதை நிறுத்திவிடுவாள். தெருமுனையில் இட்லி விற்கிறவள் அவள். நாளெல்லாம் நாலு பேர் பார்த்துக்கொண்டே இருக்கிற பிழைப்பு.

அந்த வருஷம் ஹை ரோட்டில் எங்கள் பக்கத்து முதல் சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். மாமா ஹாலந்துக் கடை அனுபவத்தைச் சொல்லியே அங்கே வேலை வாங்கிவிட்டார். முதல் மாசம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம். இது அமையாவிட்டால் வீட்டில் இடமில்லை என்று அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார். முதுகு ஒடிந்த மனுஷன் வேறெங்கே போவார்?

வேலைக்குப் போன மறுநாளே மாமா ஒரு கட்டளை போட்டார். "நம்ம வூட்டு ஆளுங்க ஒருத்தரும் கடைப் பக்கம் வராதீங்க. போன வாரம் ஒரு பையன் தன் அண்ணனுக்கு பில்லு போடாம சாமான் குடுத்துட்டான். அன்னிலேர்ந்து வேலையாளுக்கு சொந்தம்னு யாருனா உள்ள வந்தா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாரு மேனேஜர்."

அம்மா தலையை ஆட்டினாள். ஒரு வாரம் தாங்கினாள். தம்பி கழுத்தில் டை கட்டிக்கொண்டு கடைக்குள் நடப்பதைத் தெருவே பார்த்துவிட்டு வந்து சொல்கிறது, வளர்த்தவள் பார்க்கக் கூடாதா? "பேசவா போறேன்? பாத்துட்டு வந்துர்றேன்" என்று அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வெறுங்கையோடு போய் வந்தால் நன்றாக இருக்காது என்று மஞ்சள் பையைச் சின்னதாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

வாசலில் ஒரு பொம்பளையிடம் காய்கறிப் பையை வாங்கி வைத்துக்கொண்டு வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தான். அம்மா என் காதில் சொன்னாள்: "வெயிட்டு தூக்கினு அலையக் கூடாதுன்னு வாங்கி வச்சிக்கிறான் பாரு. எவ்ளோ மரியாதி." எங்கள் கையில் ஒன்றும் இல்லாததால் எங்களை அவன் நிறுத்தவில்லை. பக்கத்திலேயே பெரிதாக ஒரு போர்டு இருந்தது. அம்மாவுக்கு எழுத்து வராது. எனக்கு வரும், ஆனால் நான் குளிர்ச்சியான காற்று எங்கேயிருந்து வருகிறது என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூடைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பையை மறந்து வந்தவர்களுக்காக்கும் என்று அம்மா அவற்றைப் பெருமையாகத் தாண்டிப் போனாள். இடுப்பிலிருந்து பையை எடுத்து உதறினாள். ஒரு ரொட்டி, ஒரு சாக்லேட் பவுடர் பாக்கெட், ஒரு சோப்பு. எங்கள் அம்மா அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. பாத்திரம் வாங்க வந்த ராணி மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டாள். அரிசி மூட்டைப் பக்கம் மாமா நின்றுகொண்டிருந்தார். டை கட்டித்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல், பேசாமல் திரும்பினாள்.

அப்போதுதான் சீருடை போட்ட ஒரு பெண் கத்தினாள். "சார், இந்தம்மா சொந்தப் பைல போட்டுகினு போவுது சார்."

மேனேஜர் வந்தார். கல்லாப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் அம்மாவிடம் தினமும் இட்லி வாங்குகிற அடுத்த தெருக்காரி ஒருத்தியும் இருந்தாள், மாமாவை அவளுக்குத் தெரியாது. மேனேஜர் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை, மாமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "பையைக் கொட்டு."

மாமா கொட்டினார். ரொட்டி, பவுடர், சோப்பு மூன்றும் மேஜை மேல் விழுந்தன.

"காசு குடுக்கத்தான் சார் போய்கினு இருந்தேன்" என்றாள் அம்மா. மேனேஜரைப் பார்த்துச் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னாள். தம்பியைப் போய் சார் என்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்புறம் பையை எதுக்குமா இடுப்புல ஒளிச்சி எடுத்துனு வந்தே?" மாமாதான் கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "சொந்தப் பை உள்ள கொண்டாரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கோமே. கண்ணு தெரியாதா?"

"படிக்கத் தெரியாது சார்."

"யாரு இப்டிலாம் சொல்லிக் குடுத்தது ஒனக்கு?" என்றார் மேனேஜர். "இங்க வேலை செய்றவன் எவனாவது ஒனக்கு சொந்தமா?"

என் நாக்கு நுனி வரைக்கும் மாமா என்கிற வார்த்தை வந்துவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக் கிள்ளினாள். நகம் இறங்கிய இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது.

"எனுக்கு யாரும் இல்ல சார்" என்றாள். "நானா எடுத்துனு வந்தது."

மேனேஜர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னய்யா சொல்றே? போலீஸ்ல குடுக்கலாமா?"

மாமா கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றார். "கொழந்தயோட வந்துருக்குது, விட்ரலாம் சார். இனிமே உள்ள விடாதன்னு வாட்ச்மேனாண்ட சொல்லிட்றேன்."

அவரே எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வாட்ச்மேனிடம் அம்மாவின் முகத்தைக் காட்டி, நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொன்னார். மஞ்சள் பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஹை ரோட்டில் டேங்கர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் அழுதுகொண்டே வந்தேன். நீ ஏன் சொல்லவில்லை, மாமா சொல்லித்தானே செய்தாய், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்தானே மாட்டிக்கொண்டிருப்பார் என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அம்மா திரும்பாமல் நடந்தாள். வீடு நெருங்கியதும் நின்று, என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்து, "ஒங்கப்பனாண்ட வாயைத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

நான் திறக்கவில்லை. ஆனால் இட்லி வாங்குகிறவள் திறந்தாள். மறுநாளே அம்மாவின் கடைப் பக்கம் கூட்டம் குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் குனியும்போது பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். அப்பாவுக்குச் செய்தி போய், குடித்துவிட்டு வந்து, திருடிக்குப் புருஷனாகிப் போனேனே என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். தம்பி வேலை செய்கிற கடை என்றுகூட நினைக்கவில்லையா என்று கேட்டார். அவனுக்கு அன்றைக்கு லீவு என்றாள் அம்மா, அடியை வாங்கிக்கொண்டே. மாமா சுவர் ஓரமாக உட்கார்ந்து தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவரும் ஹாலந்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாசம் முடிந்த அன்று சாயங்காலம் மாமா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "நெரந்தரம் பண்ட்டாங்க யக்கா" என்றார்.

அம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். டப்பாவிலிருந்து ஒரு பிடி சர்க்கரை அள்ளி, "வாயத் தொற நைனா" என்று ஊட்டினாள். ஊட்டிவிட்டு, கன்னத்தில் ஒட்டியதையும் விரலால் வழித்து வாய்க்குள் தள்ளினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. மாமா மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு சட்டென்று திரும்பித் தெருக் குழாயடிக்குப் போய், குனிந்து எல்லாவற்றையும் துப்பினார். குழாயைப் பிடித்தபடி வெகு நேரம் குனிந்தே இருந்தார்.

எறும்பு இருந்திருக்கும் என்று நினைத்தேன் நான். டப்பாவைத் திறந்து அடிவரை கிளறிப் பார்த்தேன். ஓர் எறும்பும் இல்லை. கொஞ்சம் வாயில் போட்டும் பார்த்தேன், நல்ல சர்க்கரைதான்.

"சக்கர நல்லாத்தாம்மா கீது, அவரு ஏன் துப்புனாரு?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பவும் பெருக்க ஆரம்பித்திருந்தாள். "கப்பல்ல போனவங்களுக்கு இனிப்பு ஒத்துக்காதுடி" என்றாள்.

நான் நம்பினேன். அப்படி ஒரு வியாதி உண்டென்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.