இரண்டாவது அடி

முசரவாக்கத்துச் சமணர் தர்மதாஸ் நயினாரின் மகள் சம்யுக்தா, கை அறுவை மருத்துவர். கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டாள். எலும்பு மருத்துவர்களுக்கு அவள் பாடம் எடுக்கும் நாளில், அதற்காகவே கூட்டத்தை மதியத்துக்கு வைப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். கூரத்துக் கலைவாணனையும் வரச்சொல்லியிருந்தாள். வரப்புத் தகராறில் பங்காளி குப்புசாமி அவன் வலது கையை மணிக்கட்டோடு வெட்டி எறிந்திருந்தான். அவள் ஒட்டவைத்த அந்தக் கை இப்போது டம்ளர் பிடிக்கும். அதைத்தான் காட்டப்போகிறாள்.

வாசலில் பேனர். அதில் கலைவாணன் முகம், தேதி, நேரம் எல்லாம்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க டாக்டர்? வெட்டினவன் ஜாமீன்ல இருக்கான்."

"மஞ்சத்தண்ணி விழாவுக்கே இருபதடி பேனர் வைக்கிறாங்க மேடம்!" என்றார் ஏற்பாட்டாளர் ஜான்சன்.

"கழட்டச் சொல்லுங்க."

ஏணி வருவதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. கலைவாணன் டம்ளரைத் தூக்கினான். கைதட்டல். கடைசி வரிசையிலிருந்து குப்புசாமி எழுந்தான்.

"நான் அறுத்தத ஒட்டிக்கினு மேடையில வித்த காட்றியாடா?"

கத்தியோடு மேடைக்குப் பாய்ந்தான். முதல் வெட்டில் கலைவாணனின் தோள் பிளந்தது. வெள்ளைத்திரையில் ரத்தம் தெறித்தது. மருத்துவர்கள் நாற்காலிகளுக்கு அடியில் பதுங்கினார்கள். விழுந்து கிடந்தவனின் வலது கையை மிதித்துக்கொண்டு குப்புசாமி கத்தியை ஓங்கினான்.

சம்யுக்தா மைக் நின்ற இரும்புக் கம்பத்தைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எலும்பு முறிந்த சத்தம் மண்டபம் முழுக்க ஒலித்தது. கத்தி தெறித்து மேடைக்குக் கீழே விழுந்தது. அவன் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவள் மறுபடியும் அடித்தாள். அதுவும் ஒலித்தது.

மருத்துவமனையில் கலைவாணனின் தோளைத் தைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னாள். அசைந்தன. வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டரிடம் ஜான்சன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே அடிதான் சார். உயிரைக் காப்பாத்த அடிச்சாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம்."

"நாற்காலிக்கு அடியில இருந்தா பாத்தீங்க?" என்றாள் சம்யுக்தா. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு சார். ரெண்டாவது அடிக்கும்போது அவன் கையில கத்தி இல்ல. எழுதிக்குங்க."

ஜான்சன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் அறுவை அறைக்குத் திரும்பினாள். ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்துகொண்டிருந்த கலைவாணன் தலையைத் தூக்கினான்.

"அடுத்து அவனா மேடம்? அவன் கைய நீயேவா சரிபண்ணப் போற?"

"ஒடச்சது நான்தானேபா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.